கிழிக்காத கடுதாசி

விடிகாலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது வாசற்படிக்கு வெளியே கால் தடம் இருந்தது. சிவப்பு மண். சுயம்புலிங்கம் குனிந்து, விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். தியாகராய நகரில், ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால், முதல் மாடி வீட்டு வாசலுக்கு இந்த மண் வர வழியில்லை. இது தேரி மண். அவர் பிறந்த உடன்குடிப் பக்கம் பனங்காட்டில் நடந்தால் கணுக்கால்வரை ஏறுகிற மண். ஊர்க்காரன் எவனாவது வந்து, தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்தார். ஆனால் இரண்டு பாதமும் ஒட்டிக்கொண்டிருந்தன. கட்டைவிரலோடு கட்டைவிரல். விரல்கள் வீட்டைப் பார்த்திருந்தன. திரும்பிப் போன தடம் கிடையாது.

இடது பாதத்தில் சுண்டுவிரல் இல்லை.

அவருடைய பெரியப்பா மகன், உடன்குடி அண்ணன், பனையிலிருந்து விழுந்ததில் அந்த விரலை இழந்தவர். அண்ணன் புரட்டாசியில் செத்துப்போனார். செத்தவனுக்குக் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துத் துணியால் கட்டுவார்கள். கட்டின கால் நடக்காது. குதிக்கத்தான் முடியும்.

வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் கழுவினார். யாரிடமும் சொல்லவில்லை. மகன் சக்திவேல் கடைக்குச் சேலை எடுக்க சூரத் போயிருந்தான். வீட்டில் அவரும் மருமகள் ஷண்முகப்ரியாவும்தான். அவள் மயிலாப்பூரில் ஒரு காப்பகத்தில் வேலை பார்க்கிறாள். பழைய கடிதம், குடும்பத்துக் காகிதம் எல்லாம் வாங்கி அடுக்கி வைக்கிற இடம். ஊரான் வீட்டுக் காகிதத்தைச் சேர்த்து வைப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறவன் ஒன்று முட்டாளாக இருக்க வேண்டும், இல்லை களவாணியாக இருக்க வேண்டும் என்பது சுயம்புலிங்கத்தின் எண்ணம். வேலையை நம்பாவிட்டாலும் அவளை நம்பினார். பெற்ற மகனை நம்பாதவர், கடைப் பங்காளியை நம்பாதவர், அவளை நம்பினார்.

நம்பினதற்குக் காரணம் உண்டு. சாவுக் கடுதாசி வந்தால் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. நான்கு மூலையிலும் கருப்பு மை தடவிய கார்டு. வாசலில் வைத்தே படித்து, படித்த கையோடு கிழித்துத் தெருவில் போட்டுவிட வேண்டும். கிழித்தால்தான் அந்தச் சாவு அந்த வாசலோடு முடிந்தது என்று அர்த்தம். இரண்டாம் வகுப்போடு நின்றவருக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். முன்பு அவர் மனைவி தங்கபுஷ்பம் படித்துக் கிழிப்பாள். அவள் போன பிறகு மருமகள் படித்தாள். அவர் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார். அவள் படிப்பாள். சர்ரென்று கிழிகிற சத்தம் கேட்கும். உடனே போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வார்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் நின்று கிளம்புகிற கடகடப்பும், கீழே கடைக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டுகிற கூச்சலும், பக்கத்துத் தகரக் கூரையில் தண்ணீர் கொட்டுகிற இரைச்சலும் ஒன்றாய்க் கலந்து வீட்டுக்குள் நிறைந்திருந்தபோது, அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும் பிரிந்து அவர் காதுக்கு வந்தது: படிக்கட்டில் ஈரமாக ஒரு ‘தொப்’, பிறகு மூச்சு வாங்க நிற்கிற கிழவனைப் போல நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு அடுத்த படியில் ஒரு ‘தொப்’. கதவிடுக்கு வழியாக நல்லெண்ணெயும் சீயக்காயும் கலந்த வாடை, குளிப்பாட்டிக் கிடத்தின உடம்பின் வாடை, மெதுவாகக் கூடத்துக்குள் பரவியது. சத்தம் கதவுக்கு வெளியே வந்து நின்றது. தட்டவில்லை. கூப்பிடவில்லை. வீட்டுக்காரன் வேலையாக இருக்கிறான், முடித்துவிட்டு வரட்டும் என்று பொறுமையாக நிற்கிற மாதிரி நின்றது.

மறுநாள் காலையில் வேறு பாதங்களும் இருந்தன. அதற்கு மறுநாள் வாசல் முழுக்க. பெரிசு, சிறிசு, பித்த வெடிப்பு விழுந்தது. எல்லாம் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு, எல்லாம் உள்ளே பார்த்து.

அவற்றுக்கு நடுவே ஒரு ஜோடி சிவப்பாக இல்லை. மஞ்சளாக இருந்தது.

சுயம்புலிங்கம் கழுவவில்லை. வாளியோடு நின்றார். தங்கபுஷ்பம் நான்கு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டில்தான் செத்தாள். சுமங்கலியாய்ப் போகிறாள் என்று காலுக்கு அவர் கையாலேயே மஞ்சள் பூசிவிட்டார். குதிகால் மெலிந்து, விரல் விரிந்த அந்தப் பாதத்தை அவருக்குத் தெரியாதா?

கீழே இறங்கினார். எதற்கு இறங்கினோம் என்று தெரியாமல் சாக்கடை ஓரம் நின்றார். மூடியின் கம்பியில் ஈரக் காகிதத் துண்டுகள் சிக்கியிருந்தன. அந்த வாரம்தான் திருச்செந்தூர் சித்தி செத்த கடுதாசி வந்தது, மருமகள் கிழித்தாள். எடுத்துப் பார்த்தார். பச்சையும் ரோஸும். பட்டுச்சேலை கட்டின ஒரு பெண்ணின் பாதிச் சிரிப்பு. தீபாவளி ஜவுளி நோட்டீஸ்.

அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

“சித்தி கடுதாசியக் கிழிச்சியா, தாயி?”

ஷண்முகப்ரியா துண்டுகளைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். திருடின பிள்ளை அகப்பட்டுக்கொண்ட சிரிப்பு இல்லை அது. விவரம் தெரியாதவரிடம் சிரிக்கிற சிரிப்பு.

நிதானமாகச் சொன்னாள். எல்லா வீட்டிலும் கிழித்துப் போடுகிறார்களாம். அதனால் எந்தக் காப்பகத்திலும் இப்படி ஒரு கடிதம் கிடையாதாம். யார் யாருக்குச் சொல்லி அனுப்பினார்கள், எப்படி எழுதினார்கள் என்பதெல்லாம் அழிந்து போகிறதாம். வந்ததை எல்லாம் அவள் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். அதை வைத்துத்தான் அவள் வேலை நிரந்தரம் ஆனது. அவர் மனசு கஷ்டப்படக் கூடாதென்றுதான் ஒவ்வொரு தடவையும் வேறு காகிதத்தைக் கிழித்தாளாம்.

“நம்ம வீட்டுக் கடிதமெல்லாம் ஏசி ரூம்ல இருக்கு மாமா. நூறு வருஷம் ஆனாலும் கெடாது.”

“உங்க அத்தைக்கு அடிச்சது?”

“ஆள் இல்லன்னு ஒண்ணு திரும்பி வந்துச்சே, அதுவும் இருக்கு.”

“யாரக் கேட்டுக் குடுத்த?”

“நீங்கதானே மாமா கைநாட்டு வெச்சீங்க.”

ரேஷன் கார்டுக்கு என்று சொல்லி வாங்கின கைநாட்டு. அவர் கட்டைவிரலை அவள்தான் பிடித்து மையில் உருட்டினாள். மை போக அவள்தான் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள்.

வாசலைக் காட்டினார். மேல் வீட்டுப் பிள்ளைகள் சேற்றில் விளையாடியிருக்கும் என்றாள். சாயங்காலம் அத்தை கடிதத்தைக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லி, மஞ்சள் பாதத்தின் மேலேயே மிதித்துப் போனாள். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தாள். மறந்துவிட்டதாம். மறுநாளும் மறந்தது.

அதற்கடுத்த நாள் மத்தியானம் அவரே பஸ் ஏறினார். லஸ் பக்கம், மரம் அடர்ந்த பழைய பங்களா. வாசலில் இருந்த காவல்காரர் நூர் முஹம்மது மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா பெர்சு, பழைய பேப்பரா? இங்க எடைக்கெல்லாம் எடுக்க மாட்டாங்க நைனா.”

“உள்ள எம் பொண்டாட்டி இருக்கா.”

“அட, இந்த வயசுல வேலைக்கு அனுப்பிச்சுக்கினு கீறியா?” சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே குளிர். அந்துருண்டை நெடி. இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக, ஆள் பக்கவாட்டில் போகத்தான் இடம் விட்டு நின்றன. ஷண்முகப்ரியா அவரைப் பார்த்ததும் முகம் சுளித்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாள். கண்ணாடித்தாள் உறைக்குள், நான்கு மூலையும் கருத்து, தங்கபுஷ்பத்தின் கார்டு.

“தொடாதீங்க மாமா. கையில எண்ணெய் இருக்கும்.”

இது ஒன்றை மட்டும் கொடு என்று கேட்டார். கெஞ்சினார் என்றும் சொல்லலாம். முடியாது என்றாள். வெளியே இடி இடித்தது. கரண்ட் போனது. ஏசியின் உறுமல் நின்றது. அவள் டார்ச் எடுக்க அடுத்த அறைக்குப் போனாள்.

இருட்டு. அலமாரிகளுக்கு நடுவே, கடைசி வரிசையில், தொப். அதற்கு முந்தின வரிசையில், தொப்.

கார்டை எடுத்து மடியில் செருகிக்கொண்டு ஓடினார்.

வீடு வந்து சேரும்போது பொழுது இறங்கிவிட்டது. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. படிக்கட்டில் யாரும் இல்லை. வாசலில்தான் கிழிக்க வேண்டும், தெரியும். அங்கே நிற்கத் தைரியம் வரவில்லை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். உறையிலிருந்து கார்டை உருவினார். போய்ச் சேரு, தங்கம், என்று மனதுக்குள் சொன்னார். மேலிருந்து கீழாக, ஒரே இழுப்பு.

சர்.

மழைச் சத்தம்கூட அடங்கின மாதிரி இருந்தது. அவர் மூச்சுவிட்டார்.

முன்கதவில் கண்ணாடி வளையல் உரசியது.

சமையலறைப் பக்கம், குப்பைக்காரர் வருகிற இரும்புப் படியின் கதவிலும் உரசியது. அதே நேரத்தில். அதே வளையல்.

“எதுக்கு,” என்றது முன்வாசலில்.

“கிழிச்சிய,” என்றது பின்வாசலில்.

அவள் குரல்தான். ஆனால் பாதி வாய்க் குரல். காற்று ஒழுகுகிற குரல். கோபம் இல்லை அதில். தான் நம்பின ஆள் செய்த காரியத்தை நம்ப முடியாத குரல். நான்கு வருஷம் காத்திருந்ததற்கு இதுவா என்கிற குரல். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். மூன்று நாளாக அவருக்குள்ளும் அதுதான் பேசிக்கொண்டிருந்தது.

“எதுக்கு.”

“கிழிச்சிய.”

ஒட்ட வேண்டும். ஒட்டிவிட வேண்டும். சோற்றுப் பானை சமையலறையில். தடவிக்கொண்டே போனார். பின்கதவு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் கீழ்ப்பலகையை ஐந்து விரல் பிறாண்டியது. ஐந்து மட்டும். பானைக்குள் கையை விட்டார். சோறு. பிசைந்தார். இருட்டில் இரண்டு துண்டையும் வைத்தார். நான்கு மூலையிலும் கருப்பு. எது தலை, எது கால்? விரலுக்குத் தெரியவில்லை. கிழிசலைக் கிழிசலோடு சேர்த்து அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார்.

பிறாண்டல் நின்றது.

இரும்புப் படியில் ஏதோ இறங்கியது. தொப் இல்லை. இழுபடுகிற சத்தம். வீட்டைச் சுற்றியது. முன்படியில் ஏறியது. நின்றது. ஈரத்தோடு ஈரம் ஒட்டுகிற சத்தம்.

பிறகு ஒன்றும் இல்லை.

கரண்ட் வந்தது.

முதலில் கையைப் பார்த்தார். கார்டின் ஒரு பாதியில் எழுத்து. மறு பாதியில் தபால் முத்திரை, தலைகீழாக. ஒரு துண்டைப் புரட்டி, கீழ் மேலாக ஒட்டியிருந்தார். பிரிக்கப் பார்த்தார். சோறு இறுகிவிட்டிருந்தது.

கூடத்துச் சன்னல் வாசலைப் பார்த்தது. வாசல் பல்பும் எரிந்தது.

தங்கபுஷ்பம் நின்றாள். ஒரு பாதி நேராக. அரை நெற்றி, அரைக் குங்குமம், ஒரு கண். மறு பாதி தலைகீழாக, முதுகுப் பக்கம் வீட்டைப் பார்க்க. மஞ்சள் பூசின பாதம் மேலே, அவள் காதருகில். மீதிக் கூந்தல் தரையில்.

கீழே செருப்புச் சத்தம். ஒன்று விட்டு ஒன்று. உயிருள்ள கால்கள். ஷண்முகப்ரியா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு படி ஏறி வந்தாள்.

சுயம்புலிங்கம் வாயைத் திறந்தார். குரல் வரவில்லையா, அவர்தான் விடவில்லையா, தெரியாது.

மேலே இருந்த கண் அவரையே பார்த்தது. தரையோடு இருந்த கண், படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.