இசையா, இரைச்சலா?

இரைச்சல் போடுவதற்கென்றே செய்த, காலால் அமுக்கும் கிதார் பெடலை ஓர் இரைச்சலும் இல்லாமல் படம் பிடித்து இணையத்தில் காட்டுவதுதான் ஜெபக்குமாரின் பிழைப்பு. பெரம்பூரில் ரயில் பாதையை ஒட்டிய வீடு. படுக்கையறையில் கிதாரின் ஒலிபெருக்கியான ஆம்ப், எதிரே கேமரா, பக்கத்தில் ஒலிச்சல்லடை. புதிதாக எந்தச் சத்தம் விழுந்தாலும் அந்தச் சின்னப் பெட்டி, "இசையா, இரைச்சலா?" என்று கேட்கும். இரைச்சல் என்றால் அதைக் கற்றுக்கொண்டு சலித்துவிடும். குக்கர் விசில், தண்ணீர் லாரி, எல்லாம் இரைச்சல்.

மனைவி லிடியாவின் குரலும்தான். சாப்பிடக் கூப்பிடுவாள், "இந்தப் பெடலும் போன வாரத்துப் பெடல் மாதிரிதாங்க இருக்கு" என்பாள். மனிதக் குரல் என்பதால் பெட்டி ஒவ்வொரு பதிவிலும் மறுபடி கேட்கும்; அவர் சிரித்துக்கொண்டே 'இரைச்சல்' பொத்தானை அமுக்குவார்.

அவளிடமிருந்து அவர் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, கைதட்டல். படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்த, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் யாராவது ஒருமுறை கைதட்ட வேண்டும். அவர் கையில் கிதார் இருக்கும். அதனால் கேமராவுக்கு முன்னால் வந்து நின்று அவள்தான் தட்டுவாள்.

காய்ச்சலில் அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் ஷெரின் விடுமுறைக்கு வந்தபோது கேட்டாள்.

"டாடி, அம்மா பேசினது ஏதாவது இருக்கா? எனக்கு அவங்க குரல் மறந்துட்டு வருது."

அவள் கைதட்டிய அறுநூற்றுப் பதினோரு பதிவுகளையும் திறந்து பார்த்தார். அவள் உதடு அசைந்தது, சத்தமில்லை. கேட்கத் துணிவில்லாமல் கைப்பேசியில் வைத்திருந்த அவளுடைய குரல் செய்திகளைத் தேடினார். அவையும் ஊமையாக ஓடின. போன மாத மென்பொருள் புதுப்பிப்பில் சல்லடை எல்லாக் கைப்பேசிகளுக்குள்ளும் வந்துவிட்டிருந்தது. பழைய பதிவுகளையும் சுத்தம் செய்து கொடுத்திருந்தது.

சல்லடைக்காரர்களின் சேவை மையத்தை அழைத்தார்.

"சார், அந்தக் குரல அறுநூத்திப் பதினோரு தடவ இரைச்சல்னு குறிச்சிருக்கீங்க," என்றாள் அங்கே பேசிய பெண். "உங்க பேர்ல எத்தன கருவி வாங்கினாலும் அது போயிடும்."

"அந்தக் குறிப்ப எடுத்துடுங்கம்மா."

"எடுக்கலாம் சார். எந்தக் குரல்னு காட்ட ஒரு மாதிரி வேணும். அவங்கள ஒரு நிமிஷம் பேசச் சொல்லுங்க."

ஜெபக்குமார் போனை வைத்துவிட்டு அழுதார். தன் விரலால், தானே அமுக்கியது.

"உன் குரல்லயே அம்மா இருக்காடா," என்று மகளைத் தேற்றித்தான் அனுப்பினார். பொய் சொல்லவில்லை. பதினாறு வயதில் அவள் குரல் நாளுக்கு நாள் கனிந்துகொண்டே வந்தது; கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் லிடியாவேதான். அத்தைகளும் அதையே சொன்னார்கள்.

மார்ச் மாதம் ஒரு மாலையில் காணொளி அழைப்பு வந்தது. திரையில் ஷெரின். கண்கள் வீங்கியிருந்தன. ஏதோ நடந்திருக்கிறது. வேகமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"கேக்கலம்மா. சத்தமாப் பேசு."

கழுத்து நரம்பு தெரியக் கத்தினாள். ஒன்றும் வரவில்லை. திரையின் அடியில் ஒரு வரி ஓடியது: 'இரைச்சல் நீக்கப்பட்டது.'

அவருக்குப் புரிந்தது. அவளுக்குப் புரியவில்லை. அப்பா கவனிக்கவில்லை என்று நினைத்தவள், திரைக்கு அருகில் வந்து ஒருமுறை கைதட்டினாள்.

அது தெளிவாகக் கேட்டது.