கண்ணில்லாத மிஷின்

நடு ஹாலில் ஒன்றுமே இல்லை. நாற்காலி இல்லை, பாய் இல்லை, ஒரு செருப்புகூட இல்லை. ஆனாலும் அந்த வட்ட மிஷின் அங்கே எதையோ முட்டி நின்று, பின்வாங்கி, வேறு பக்கமாகத் திரும்பிப் போயிற்று.

வனிதா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து அதையே பார்த்தாள். அடுத்த வீட்டு நர்மதா கேட்டிருக்காவிட்டால் அவள் அதைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

“ஏனுங்க்கா, தானாக் கூட்டுற மிஷினு விலை கம்மியா வந்திருக்குதுங்க. வாங்குனாப் பிரயோசனப்படுங்களா?” என்று காலையில் மதில்மேல் எட்டிக் கேட்டிருந்தாள் நர்மதா.

“நல்லாத்தான் கூட்டும். கண்ணு மட்டும் கிடையாது. முட்டுனாத்தான் அங்க ஒண்ணு இருக்குதுன்னே அதுக்குத் தெரியும். இன்னும் ஓடுதான்னு பார்த்துச் சொல்றேன்.”

மகள் இந்து போனதிலிருந்து ஹாலைக் கூட்ட வனிதா யாரையும் விடவில்லை. கஞ்சிக்கோட்டு ஆலைகள் பக்கமிருந்து காற்றில் வரும் கரித்தூள் ஜன்னல் வழியே இறங்கி, தரையெல்லாம் கறுப்பாகப் படிந்து கிடந்தது. புருஷன் அருள்குமார் ஷிப்டுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பான், மிதிக்காமல் சுவரோரமாக நடந்து போய்விடுவான்.

வெளியே கிளம்பினவர் படி தாண்டியதும் வீட்டைக் கூட்டினால் அவர் திரும்பி வரமாட்டார் என்பது எலப்புள்ளியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அன்றைக்கு இந்து ஸ்கூல் வேனுக்கு ஓடிய கையோடு வனிதா மிஷினைத் தட்டிவிட்டாள். “புள்ளை தெருமுனைகூடத் தாண்டுல, அதுக்குள்ள ஊடு கூட்டுறயே!” என்று மாமியார் கமலாத்தாள் கத்தினாள். “நானா கூட்டுறேன்? மிஷின்தானுங்கத்தை கூட்டுது” என்று வனிதா சிரித்தாள். மெயின் ரோட்டில் வேன் கவிழ்ந்த செய்தி வந்தபோதும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரம். மழைக்கு முந்திய புழுக்கத்தில் கரியும் ஈரமுமாக ஒரு வாடை வந்தது, அதற்கு அடியில் மெல்ல, தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னிய சடையின் வாடையும். மிஷின் சுவரில் இடித்தால் ‘டக்’கென்று பிளாஸ்டிக் அதிரும். இது அப்படி இல்லை. ‘பொத்’. மெத்தென்ற சத்தம்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். இந்து இரண்டு காலையும் சேர்த்து வைத்து அதன் வழியில் நின்றுகொள்வாள். “அம்மா, மறுபடியும் என்னையவே முட்டுது பாரு!”

பொத்.

வனிதாவுக்குப் பயமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

“இந்து... அங்கயே நில்லு சாமி. அம்மா இங்கதான் இருக்கறேன்.”

எழுந்து போய்த் துழாவினாள். வெறும் காற்று. மிஷினை நிறுத்தலாமா? நிறுத்திவிட்டால் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்று எப்படித் தெரியும்? ஓடட்டும். சோபாவுக்கே திரும்பி வந்து காது கொடுத்தாள்.

பொத். இம்முறை டிவிக்குப் பக்கத்தில்.

பொத். ஷூ ஸ்டாண்டுக்கு முன்னால்.

“அங்க எதுக்குப் போறே? அம்மாகிட்ட வா கண்ணு.”

பொத். திறந்திருந்த கதவருகில்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளை விளையாடவில்லை. தானாக நகரவுமில்லை. ஒவ்வொரு முட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மிஷின்தான் அவளை வாசலுக்குத் தள்ளுகிறது. குப்பையைத் தள்ளுகிற மாதிரி.

“ஐயோ, வேண்டாம்!”

பாய்ந்தாள். சோபா அடியில் கிடந்த கம்பளத்தில் கால் தடுக்கியது. விழுந்தாள்.

பொத். நிலைப்படியில்.

பிறகு சத்தமே இல்லை. மிஷின் படி விளிம்புவரை போனது. எதையும் முட்டவில்லை. சாவதானமாகத் திரும்பி உள்ளே வந்தது. வனிதா அதைக் கவிழ்த்துப் போட்டாள்.

லைட்டைப் போட்டாள்.

தரை பளபளவென்று இருந்தது. நடு ஹாலில் மட்டும், மிஷின் நுழைய முடியாத இடத்தில், கரித்தூள் அப்படியே இருந்தது. இரண்டு சின்னப் பாதங்கள் அளவுக்கு. டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி. ஷூ ஸ்டாண்டுக்கு முன்னால் ஒன்று. கதவருகில் ஒன்று.

கடைசி ஜோடி நிலைப்படியில். அதில் குதிகால் இல்லை. குதிகால் வெளியே போயிருந்தது. படியைப் பற்றிக்கொண்ட பத்து விரல்கள் மட்டும், வனிதாவைப் பார்த்தபடி.