இருட்டில் மாட்டிக்கொண்ட பாட்டு

மார்னிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அந்தச் சனிக்கிழமை மதியம், பல இசை நாடகங்களின் பாடல்களைப் பாடும் கச்சேரியில், நான்காவது பாட்டு முடிவதற்குள் அவளுடைய இரண்டு காதுகளும் தக்காளிப்பழம் ஆகிவிட்டன.

இத்தனைக்கும் வரும்போது துள்ளிக்கொண்டுதான் வந்தாள்.

மார்னிக்குப் பத்து வயது. தம்பி ஆர்லோவுக்கு ஏழு. ஆர்லோவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அதனால் வீட்டில் எல்லோரும் கையால் பேசுவார்கள். சைகை மொழியில் சண்டை போடுவார்கள், கிண்டல் செய்வார்கள், பாத்திரம் யார் கழுவுவது என்று பேரம்கூடப் பேசுவார்கள். வீட்டுக்குள் ஒரு குறையும் இல்லை.

வெளியே போனால்தான் தொல்லை. பிறந்தநாள் விழா, பொம்மலாட்டம், பள்ளி நாடகம், எங்கே போனாலும் மார்னி தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து கையால் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கோமாளி ஒரு ஜோக் அடிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். மார்னி அதை ஆர்லோவுக்குச் சொல்லி முடிப்பதற்குள் கோமாளி அடுத்த ஜோக்குக்குப் போயிருப்பான். இது வரைக்கும் எந்த நாடகத்தையும் அவள் முழுசாகப் பார்த்ததில்லை. தம்பி மேல் அவளுக்கு உயிர்தான். ஆனாலும் எரிச்சல் வரத்தானே செய்யும்?

அதனால்தான் இந்தக் கச்சேரியின் சுவரொட்டியைப் பார்த்ததும் குதித்தாள். அதன் மூலையில் இரண்டு கைகள் வரையப்பட்டிருந்தன. சைகை மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார் என்று அர்த்தம்!

"இன்னைக்கு உனக்கு லீவு" என்றார் அம்மா. அவர் ஹல் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவர். கச்சேரிக்காக அவரும் லீவு போட்டிருந்தார். "நீ பாட்டுக்கு உட்காந்து பாரு. கையை மடியில வச்சுக்கோ."

மொழிபெயர்ப்பாளரின் பெயர் ரூத். கறுப்புச் சட்டை, தூக்கிக் கட்டிய கூந்தல். கச்சேரி தொடங்குவதற்கு முன்பே மேடையிலிருந்து இறங்கி ஆர்லோவைத் தேடி வந்துவிட்டார்.

"உனக்கு எந்தப் பாட்டு பார்க்கணும்?" என்று கையால் கேட்டார்.

"கேப்டன் பாட்டு! ரெண்டு இடது பூட்ஸ் போட்ட கேப்டன்!" ஆர்லோவின் கைகள் பறந்தன. அந்தக் கேப்டன் வரும் நாடகத்தின் படப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி அட்டை கிழித்தவன் அவன். அதில் கேப்டன் புயலில் நின்றுகொண்டு கடலோடு சண்டை போடும் பாட்டு ஒன்று உண்டு. அதில் என்னதான் பாடுகிறார்கள் என்று தெரியாமல் மண்டை காய்ந்துகொண்டிருந்தான்.

"அது கடைசிப் பாட்டு" என்றார் ரூத். "அதுல கேப்டனும் நான்தான், கடலும் நான்தான். என்னோட நானே சண்டை போடப் போறேன். பாரு!"

முதல் இரண்டு பாட்டும் அமர்க்களம். ஒரு ரொட்டிக்காரன் ராஜாவைத் திட்டிக்கொண்டே மாவு பிசைகிற பாட்டில் பாடகர் பாட, ரூத் மேடையின் இடது ஓரத்தில் நின்று காற்றிலேயே மாவு பிசைந்தார். கடைசியில் அந்த மாவைத் தூக்கி ராஜாவின் தலையில் அடித்தார். அரங்கமே சிரித்தது. ஆர்லோவும் சிரித்தான். எல்லோரோடும் சேர்ந்து, அதே நொடியில்! மார்னி அதைக் கவனித்தாள். அவள் கைகள் மடியிலேயே இருந்தன.

மூன்றாவது பாட்டு நிலவைப் பற்றியது. விளக்குகள் எல்லாம் அணைந்தன. பாடகி மேல் மட்டும் ஒரு நீல வட்டம் விழுந்தது. "ஆஹா" என்று பெருமூச்சு விட்டார்கள் ஜனங்கள்.

ரூத்தைக் காணோம்.

அங்கேதான் நின்றார். கையும் அசைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் கும்மிருட்டில் கறுப்புச் சட்டை யாருக்குத் தெரியும்? ஆர்லோ அக்காவின் தொடையைத் தட்டினான்.

"பாட்டு எங்க போச்சு?"

ரூத்துக்கும் புரிந்துவிட்டது. மெல்ல நகர்ந்து நீல வட்டத்தின் ஓரத்துக்கு வந்தார். உடனே திரைக்குப் பின்னாலிருந்து யாரோ "தள்ளு, தள்ளு" என்று கையாட்டினார்கள். பாவம், மறுபடி இருட்டுக்குள் போனார்.

மார்னியின் கைகள் தாமாகவே மேலே எழுந்தன. நிலவு, ஜன்னல், காத்திருக்கிறாள், வரவில்லை என்று சொல்லத் தொடங்கினாள்.

"உஷ்!" பின் வரிசையிலிருந்து ஒரு குரல். திரும்பினால் பச்சைக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர். "கையை ஆட்டாதே. மேடையை மறைக்குது."

"என் தம்பிக்குப் பாட்டு சொல்றேன். அவனுக்குக் காது கேக்காது."

"காது கேக்காதவனுக்குப் பாட்டுக் கச்சேரி எதுக்கு?"

அம்மா சட்டென்று திரும்பினார். குடித்துவிட்டுப் பேருந்தில் ஏறுகிறவர்களைப் பார்க்கும் அதே பார்வை. "உங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான் சார் அவனுக்கும். நாங்களும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கோம்."

அவர் முனகிக்கொண்டே சாய்ந்து உட்கார்ந்தார். மார்னியின் இடது காது சிவந்தது.

நான்காவது பாட்டும் இருட்டு. மார்னிக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் கைப்பேசியை எடுத்து அதிலிருந்த டார்ச்சை ரூத்தின் மேல் அடித்தாள். மங்கலாக இரண்டு கைகள் தெரிந்தன. ஆர்லோ நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஒரு வரி பார்த்திருப்பான். அவ்வளவுதான். இடம் காட்டும் இளைஞன் குனிந்தபடி ஓடி வந்து, தன் டார்ச்சை நேராக மார்னியின் முகத்தில் அடித்தான்.

"பாப்பா, அரங்கத்துல வெளிச்சம் போடக் கூடாது" என்று கிசுகிசுத்தான்.

"அப்ப உங்க கையில இருக்கறது என்ன? கேரட்டா?"

இளைஞன் திருதிருவென்று விழித்தான். "இது... வெளிச்சம் போடாதீங்கன்னு சொல்றதுக்குப் போடற வெளிச்சம்."

"அதை அவங்க மேல போடுங்க. பாட்டு சொல்றவங்க இருட்டுல நிக்கறாங்க."

அவன் மேடையைப் பார்த்தான். அவன் முகமும் மாறியது. "அட, ஆமா. ஆனா எனக்கு அனுமதி இல்லையேம்மா."

"யாருக்கு இருக்கு?"

"பின்னால, கடைசி வரிசைக்குப் பக்கத்துல ஒரு பெரிய மேசை இருக்கு பாரு. பெவர்லி. விளக்கெல்லாம் அவங்க கையிலதான்." பிறகு பயந்துபோய்ச் சொன்னான்: "ஆனா அவங்ககிட்ட யாரும் பேச மாட்டாங்க."

மார்னியின் வலது காதும் சிவந்தது.

இடைவேளை வந்தது. ஐஸ்கிரீம் வாங்க வரிசை நீண்டது. அம்மா மூன்று கிண்ணம் வாங்கி வந்தார். ஆர்லோ மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"வீட்டுக்குப் போலாமா?" என்று கையால் கேட்டான். "கேப்டன் பாட்டும் இருட்டாத்தான் இருக்கும். புயல்ல வெளிச்சம் ஏது?"

அம்மா விறுவிறுவென்று அரங்கத்தின் அலுவலகத்துக்குப் போனார். போன வேகத்தில் திரும்பினார். "எழுதிக் குடுக்கணுமாம். அடுத்த மாசம் கூட்டத்துல வச்சுப் பேசுவாங்களாம்! அடுத்த மாசம் பேசி, இன்னைக்குப் பாட்டைத் திருப்பிப் பாடுவாங்களா? இரு, அவங்க மேலதிகாரி எங்கேன்னு பார்க்கறேன்." மறுபடி போய்விட்டார்.

மார்னி தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். யாரைத் திட்ட வேண்டும், எப்படித் திட்ட வேண்டும் என்று வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள்.

மேசை கதவளவு நீளம். அதில் நூறு பொத்தான்கள். ஒரு பக்கத்தில் நரைத்த குட்டை முடியோடு பெவர்லி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். மறுபக்கத்தில் மைக்குகளைக் கவனிக்கும் டெஸ் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"இங்க வரக் கூடாது கண்ணு" என்றார் பெவர்லி, தலையைத் தூக்காமலே.

"அவங்க மேல விளக்கு வேணும்."

"எவங்க மேல?"

எவங்க மேலயாம்! மார்னிக்குத் தலைக்கு ஏறியது. "ரூத்! என் தம்பிக்குப் பாட்டு சொல்றவங்க! மேடை ஓரத்துல இருட்டுல நின்னு யாருக்கும் தெரியாம கையாட்டிட்டு இருக்காங்களே, அவங்க!"

"ஓ, அவங்களா? அவங்க வர்றதே எனக்கு நேத்துதான் தெரியும். என் விளக்கெல்லாம் எப்பவோ அமைச்சாச்சு." பெவர்லி நிமிர்ந்தார். அவர் முகத்தில் பெருமை பொங்கியது. "அந்த ஓரம் இருட்டா இருந்தாத்தான் அழகு. கடைசிப் புயல் பாட்டுக்கு ஒரு இருட்டு செஞ்சு வச்சிருக்கேன் பாரு, உடம்பெல்லாம் சிலிர்க்கும்!"

இருட்டைச் செய்து வைத்திருக்கிறாராம். மார்னி கத்துவதற்கு வாயைத் திறந்தாள். அப்போது டெஸ்ஸின் பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் கண்ணில் பட்டது. அதன் கீழே 'கேப்டன்' என்று ஒட்டியிருந்தது.

திறந்த வாயை மூடினாள். மூச்சை இழுத்து விட்டாள்.

"இது என்ன?" என்று டெஸ்ஸிடம் கேட்டாள்.

"கேப்டனாப் பாடறவரோட மைக்."

"சரி. புயல் பாட்டு வரும்போது இதை அணைச்சுடுங்க."

டெஸ்ஸுக்குத் தேநீர் புரையேறியது. "என்னது?"

"அணைச்சுடுங்க. அமைதியா, ரொம்ப அழகா இருக்கும்."

"விளையாடறியா? ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்காது!"

"ஆனா அவர் மேடையில பாடிட்டுத்தானே இருப்பார்?"

"பாடினா ஆச்சா? ஜனங்களுக்கு வந்து சேர வேண்டாமா? அப்புறம் எதுக்கு இத்தனை பேரு டிக்கெட் வாங்கி..."

டெஸ் பாதியில் நிறுத்தினார். அவர் கண்கள் ஆர்லோவிடம் போயின. திறக்காத ஐஸ்கிரீம் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான் ஆர்லோ.

மார்னி பெவர்லியையே பார்த்தாள்.

பெவர்லி சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். இப்போது அவருடைய காது சிவந்திருந்தது. மேடையின் இடது ஓரத்தைப் பார்த்தார்.

"ஒரு விளக்கு சும்மாதான் இருக்கு" என்றார் மெதுவாக. "ஆனா புயலுக்கு நடுவுல, ஒரு ஓரத்துல மட்டும் வெளிச்சம்னா அசிங்கமா இருக்குமே. ஜனங்க என்னடா இதுன்னு பார்ப்பாங்க."

ஆர்லோ அக்காவின் சட்டையை இழுத்தான். "என்ன சொல்றாங்க?"

மார்னி சொன்னாள். ஆர்லோ கண்ணை உருட்டினான். இது தெரியாதா என்பதுபோல அவன் கைகள் பேசின. மார்னி அதைப் பெவர்லிக்குச் சொன்னாள்.

"புயல் வந்தா கப்பல்ல லாந்தர் ஏத்த மாட்டாங்களான்னு கேக்கறான்."

பெவர்லி மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். தேநீர் தளும்பியது.

"லாந்தர்! மஞ்சள் வெளிச்சம், ஓரத்துல, கப்பல் முனையில! டெஸ், இது நமக்கு ஏன்யா தோணலை?" என்று கூவினார். "கண்ணு, அவங்களுக்கு எது எது தெரியணும்?"

"முகம், கை. அப்புறம் இடுப்பு வரைக்கும். எல்லாப் பாட்டுக்கும், கடைசி வரைக்கும்."

"எல்லாப் பாட்டுக்குமா? என் இருட்டெல்லாம் போச்சு!" என்று புலம்பிக்கொண்டே பெவர்லி பொத்தான்களைத் திருகத் தொடங்கினார்.

இடைவேளை முடிந்தது. மேடையின் இடது ஓரத்தில் வெண்ணெய் நிறத்தில் ஒரு வெளிச்சம் விழுந்தது. ரூத் திடுக்கிட்டு மேலே பார்த்தார். பிறகு ஆர்லோவைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார்.

அதற்கப்புறம் எத்தனை இருட்டு வந்தாலும் ரூத் காணாமல் போகவில்லை. மார்னிக்குக் கோபம் மட்டும் முழுசாக ஆறவில்லை. இரண்டு பாட்டு வீணாகிவிட்டதே, அதை யார் திருப்பித் தருவார்கள்?

கடைசியில் புயல் வந்தது. மேடை கறுத்தது. முரசுகள் உருண்டன. ஓரத்தில் மஞ்சள் லாந்தர் ஆடியது, உண்மையாகவே கப்பலில் தொங்குவதுபோல. அதன் கீழே ரூத் கடலாக எழுந்தார். மறு நொடியே கேப்டனாகி அந்தக் கடலை முறைத்தார்.

"இதென்ன புதுசா ஒரு வெளிச்சம்?" என்று முணுமுணுத்தார் பச்சைக் கோட்டுக்காரர். "கண்ணைக் கூசுது."

மார்னி திரும்பினாள். "உஷ்!" என்றாள்.

அவர் வாய் மூடிக்கொண்டது. அம்மா இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார்.

மேடையில் கேப்டன் கடலைப் பார்த்து உறுமினார். "என் ஒரே வலது பூட்ஸைத் தின்ன கடலே! மரியாதையா வெளியே துப்பு!" என்று பாடினார். மார்னிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுதானா விஷயம்? இதை உடனே தம்பிக்குச் சொல்ல வேண்டுமே! பழக்கதோஷத்தில் அவள் கைகள் மளமளவென்று எழுந்தன. கடல், பூட்ஸ், துப்பு...

ஆர்லோ மேடையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு கையால் அக்காவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, அவள் மடியில் அழுத்தி வைத்தான். மறு கையால் சுருக்கமாகச் சொன்னான்:

"மறைக்குது!"