காலி என்று தீர்ப்பான வீடு

ஒரு சாவி கைமாற எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? இங்கே முடித்துக்கொண்டு அப்படியே மகள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் வக்கீல் தன் மனைவியையும் காரில் கூட்டி வந்திருந்தார். "சீக்கிரம் வந்துடுங்க, பேத்தி தூங்கிடுவா" என்று அவள் கார் கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்.

வீட்டு வழக்கு என்றால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கோர்ட்டில் அவருக்குப் புல்டோசர் என்றே பெயர். இந்த வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்த தையல்காரரையும் அவர்தான் பெயர்த்தெடுத்தார். அந்த ஆள் அங்கே குடியிருக்கவே இல்லை, வீடு எப்போதோ காலி என்பது அவருடைய வாதம். "ஐயா, நான் அங்கதான் இருக்கேன்" என்று தையல்காரர் கூண்டில் நின்று கதறினார். "இருந்தா மீட்டர் ஓடணுமே? இவர் என்ன, இருட்டுலயே துணி தைக்கிறாரா?" என்று வக்கீல் கேட்க, கோர்ட்டே சிரித்தது. கரண்டைத் துண்டித்ததே வீட்டுக்காரர்தான் என்பது வக்கீலுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தால் என்ன, ஜெயித்தாரே!

தீர்ப்பு வந்த பிறகு தையல்காரர் அந்த அறையிலேயே செத்துக் கிடந்தார். காலி வீடுதானே என்று அக்கம்பக்கத்தில் ஒருவரும் கதவைத் தட்டிப் பார்க்கவில்லை. நாற்றம் எடுத்த பிறகுதான் வந்து தூக்கிப் போனார்கள்.

இன்று கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றும் அமீனா வீட்டைப் பூட்டி, அரக்கு வைத்து, சாவியை வக்கீலிடம் ஒப்படைக்க வேண்டும். பூட்டுமுன் அறை அறையாகப் பார்த்து, உள்ளே ஆள் உண்டா என்று உரக்கக் கேட்பது அவர்கள் வழக்கம். அமீனாவோ வாசற்படியை விட்டு நகரவில்லை.

"சார், எனக்கு மனசே சரியில்ல. நீங்களே ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடுங்களேன்."

"நல்ல ஆளுய்யா நீ! பட்டப்பகல்ல பயமா?"

சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார். கூடத்தைத் தாண்டியதும் வெளிச்சம் மங்கியது. தெருச் சத்தம் அடங்கிப்போனது. பின்னறையில் ஒரு சாமான் இல்லை, ஆனாலும் மிஷின் எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. பூட்டியே கிடந்த வீட்டில் இப்போதுதான் யாரோ எண்ணெய் போட்ட மாதிரி அவ்வளவு புதிதாக இருந்தது அந்த வாடை.

வாசலிலிருந்து அமீனாவின் குரல் கேட்டது. "உள்ள யாராவது இருக்கீங்களா?"

எத்தனை வருஷமாய்க் கோர்ட்டில் சொல்லிப் பழகிய வாய்! யோசிக்குமுன் அதுவே பதில் சொல்லிவிட்டது.

"யாரும் இல்ல! பூட்டிக்கலாம்!"

கதவு சாத்தப்பட்டது.

"யோவ்! நான் இன்னும் உள்ள இருக்கேன்யா!"

பூட்டு விழுந்தது.

ஓடிப்போய்க் கதவை அறைந்தார். ஜன்னல் வழியே பார்த்தால், கைக்கெட்டும் தூரத்தில் அமீனா அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார். வக்கீல் தொண்டை கிழியக் கத்தியும் அந்த மனிதர் தலையைத் தூக்கவில்லை. அப்பால் காரில் மனைவி இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்த கண்ணில் ஒரு சலனமும் இல்லை.

முதுகுக்குப் பின்னால் தையல் மிஷின் பெடல் மெல்ல அசையும் சத்தம் கேட்டது.

"அவங்களுக்குக் கேக்காது சார்" என்றது ஒரு கிசுகிசுப்பு. "நானும் கத்திப் பார்த்தேன்."

வக்கீலால் திரும்ப முடியவில்லை. அளவு நாடா ஒன்று சில்லென்று அவர் தோளில் படிந்து, கழுத்தைச் சுற்றி வந்தது.

"என்னை இல்லைன்னு நீங்க சொன்னீங்க. இப்ப உங்களையும் நீங்களே சொல்லிட்டீங்க. அந்த வார்த்தை சொன்னவங்க இங்கயேதான்."

வெளியே மனைவியின் குரல் உயர்ந்தது. "நான் வாசலையே பார்த்துட்டிருந்தேன், அவர் வெளிய வரவே இல்ல! கதவைத் திறங்க!"

அரக்கு உடைந்தது. கதவு திறந்தது. வக்கீல் பாய்ந்தார்; நிலைப்படியைத் தாண்டக் கால் எழும்பவில்லை. அவரை உரசிக்கொண்டு அவள் உள்ளே போனாள். கையைப் பிடித்தார். குளிர்ந்தது போல அவள் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "என்னங்க! என்னங்க!" என்று அறை அறையாகக் கூப்பிட்டபடி பின்னறை வரை போனாள். அவரும் அழுதுகொண்டே பின்னால் ஓடினார்.

வாசற்படியிலிருந்து அமீனா நடுங்கிய குரலில் கேட்டார்: "அம்மா! உள்ள யாராவது இருக்காங்களா?"

வக்கீல் அவளை எட்டிப் பிடித்தார். அவள் வாயை இரண்டு கையாலும் பொத்தினார். "சொல்லாதம்மா! உனக்குப் புண்ணியமாப் போகும், அதை மட்டும் சொல்லாத!"

"யாரும் இல்லைங்க" என்றாள்.

கூடத்துக்கு அப்பால் கதவு சாத்திக்கொண்டது.

அவள் திரும்பினாள். நேராக அவரைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அடடா, இங்கயா நிக்கிறீங்க? உயிரே போயிடுச்சு எனக்கு" என்று அவர் கையைப் பற்றினாள். "வாங்க, போகலாம்."