ஆஞ்சலா ஆன்ட்டி ஆன்லைனில்!

"அய்யோ... கொலை!"

முத்தம்மாவின் அலறல் கோரமங்களாவின் அந்த ஆபீஸ் கட்டடத்தையே உலுக்கியது.

பின்பக்கப் படிக்கட்டைக் கூட்டிப் பெருக்க வந்தவள். படிக்குக் கீழே ஒருவன் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில் தீயணைப்பு சிலிண்டர்.

அவன் தலைமாட்டில் மண்டியிட்டிருந்தாள் அதே ஆபீஸில் வேலை பார்க்கும் சிந்து... இரண்டு கையும் சிவப்பாக!

செத்தவன் ஹரிஷ்குமார். 'பிஞ்சு' என்ற குழந்தைச் சத்துமாவு கம்பெனியின் மேனேஜர். கொன்றவள் சிந்துதான் என்று காபி மெஷின் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். காலையில் அவனோடு அவள் கத்திச் சண்டை போட்டதை ஆபீஸே பார்த்ததே!

இன்ஸ்பெக்டர் நாகேஷ் வந்தார். தொப்பை முன்னே, அவர் பின்னே.

"என்னம்மா சண்டை?"

"நான் கொல்லல சார்! சத்தம் கேட்டு ஓடி வந்தேன். மூச்சு இருக்கான்னு தூக்கிப் பாத்தேன்..."

"சண்டை என்னன்னு கேட்டேன். உண்மையச் சொல்லு. இல்லேன்னா இன்னிக்கு உனக்கு சாப்பாடு பரப்பன அக்ரஹாரா ஜெயில்லதான்."

சிந்து திருப்பத்தூரிலிருந்து பிழைக்க வந்தவள். இந்த ஊரில் ஜாமீன் கொடுக்க ஒரு நாதி கிடையாது.

"சார்... நான்தான் ஆஞ்சலா ஆன்ட்டி."

"யாரு?!"

"'பிஞ்சு அம்மாக்கள்'னு கம்பெனி ஒரு ஆன்லைன் குரூப் நடத்துது சார். நாப்பதாயிரம் அம்மாங்க. அதுல ரிச்சர்ட்ஸ் டவுன் ஆஞ்சலா ஆன்ட்டின்னு ஒருத்தங்க எல்லாருக்கும் யோசனை சொல்வாங்க. அப்படி ஒருத்தங்களே கிடையாது! நானும் எங்க டீம் லீடர் ரோஹனும்தான் அந்தப் பேர்ல மாத்தி மாத்தி எழுதுவோம்."

"உனக்கு எத்தனை குழந்தை?"

"கல்யாணமே ஆகல சார்."

நாகேஷ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"பிரவுசிங் சென்டர் காலத்துல நாலு அம்மாங்க பேசிக்க ஆரம்பிச்ச ஃபோரம் சார் அது. அப்புறம் ஃபேஸ்புக்குக்குப் போச்சு. கம்பெனி அத வாங்கி ஆப் ஆக்குச்சு. இப்ப மாவு விக்கிற சந்தை! நேத்து ஒரு பொண்ணு எழுதினா... 'எங்கம்மா செத்துட்டாங்க, இனிமே நீங்கதான் ஆன்ட்டி எனக்கு அம்மா'ன்னு. என்னால தாங்க முடியல. உண்மைய எல்லாருக்கும் சொல்லிடப் போறேன்னு ஹரிஷ் சார்கிட்ட கத்தினேன்."

"அவரு வேலைய விட்டுத் தூக்கிடுவேன்னாரு. ஹௌதா?"

"ஆமா..."

"நீ அவரையே தூக்கிட்டே!"

"இல்ல சார்!"

அப்போதுதான் தோளில் பையோடு மூச்சிரைக்க ஓடிவந்தான் ரோஹன்.

"ஷாக்கிங் சார்! இப்பதான் கேள்விப்பட்டேன். இன்னிக்கு எனக்கு வொர்க் ஃப்ரம் ஹோம். சந்தாபுரா வீட்டுல இருந்து வரேன்."

"வீட்லதான் இருந்தீங்கன்னு சாட்சி?"

ரோஹன் செல்போனை நீட்டினான்.

"ஆஞ்சலாவா நான்தான் ஆன்லைன்ல இருந்தேன். சௌம்யான்னு ஒரு அம்மா கேக்கக் கேக்க பதில் சொல்லியிருக்கேன். டைமைப் பாருங்க!"

நாகேஷ் பார்த்தார். கொலை நடந்த நேரம் முழுக்கக் கேள்வி, பதில், கேள்வி, பதில்... இரும்புக் கோட்டை மாதிரி அலிபி!

"சரி... வண்டியில ஏறும்மா."

பெண் கான்ஸ்டபிள் சிந்துவின் கையைப் பிடித்தாள்.

"ஒரு நிமிஷம் சார்! அத நான் படிக்கலாமா?" என்றாள் சிந்து.

படித்தாள். மறுபடி படித்தாள். அவள் கண்கள் விரிந்தன.

"சார்... இந்த சௌம்யா அம்மாவே இல்ல!"

"என்னது?"

"'என் செல்லத்துக்கு பிஞ்சு கோல்ட் மல்டிகிரெய்ன் ஸ்டேஜ் டூ எப்போது தரலாம்?'... எந்த அம்மா சார் இப்படி எழுதுவா? 'மாவு'ம்பாங்க. 'அந்த மஞ்ச டப்பா'ம்பாங்க. ஒரு கையில குழந்தை, ஒத்த விரல்ல டைப் அடிக்கிறவங்க! மாவோட முழுப் பேரையும் போட்டே ஆகணும்னு ரூல் இருக்கறது எங்க டீமுக்குத்தான்!"

ரோஹன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே செத்தது.

"தப்பிக்கப் பாக்கறா சார்..."

"அந்த சௌம்யாவையே கேட்டுட்டாப் போச்சு," என்றார் நாகேஷ். "நம்பர் இருக்கா?"

சிந்து ஆப்பில் தேடி எடுத்தாள். நாகேஷ் டயல் செய்தார்.

ஒரு விநாடி... இரண்டு விநாடி...

ரோஹனின் பைக்குள் இன்னொரு செல்போன் அலறியது!

"எடுப்பா..." என்றார் நாகேஷ். "சௌம்யாவைக் கூப்பிடறாங்க பாரு."

ரோஹன் பொத்தென்று நாற்காலியில் விழுந்தான்.

"ரெண்டு பேர் பேச்சையும் முன்னாடியே டைப் பண்ணி, டைமர் வெச்சுட்டு, பின்பக்கமா வந்து அடிச்சிருக்கே. எதுக்குடா?"

"ஹரிஷ் கண்டுபிடிச்சுட்டான் சார்... எம்.டி.கிட்ட போறேன்னான்."

"என்னத்தக் கண்டுபிடிச்சான்?"

"குரூப்ல அம்மாங்களே இல்ல! பழைய ஃபோரம் ஆளுங்கல்லாம் எப்பவோ போயிட்டாங்க. கம்பெனி இன்னும் ஆள், இன்னும் ஆள்னு உயிரை எடுத்துச்சு. நான் ஒரு சாஃப்ட்வேரை வெச்சு உண்டாக்கிட்டேன். கேள்வி கேக்கறது, நன்றி சொல்றது, எல்லாம் மெஷின். மெஷின் அம்மாவை யாரும் கண்டுபிடிக்க முடியாது சார். இன்னிக்கு அவசரத்துல நானே டைப் பண்ணேன்... மாட்டிக்கிட்டேன்."

சிந்து ரோஹன் முன்னால் போய் நின்றாள்.

"அம்மா செத்துட்டாங்கன்னு ஒரு பொண்ணு அழுதாளே... அவ?"

"அதுவும் மெஷின்தான்."

அந்தப் பெண்ணுக்காக இரவெல்லாம் அழுதவள் சிந்து. வேலையைப் பணயம் வைத்தவள். கொலைப்பழி வரை வந்தவள்.

ரோஹனைக் கூட்டிப் போனார்கள். சிந்து செல்போனை எடுத்தாள். குரூப்பில் அம்மாக்கள் இருக்கிறார்களோ, இல்லையோ... சொல்ல வேண்டியதைச் சொல்லியே தீருவது!

'ஆஞ்சலா ஆன்ட்டின்னு யாரும் இல்ல. நான் சிந்து. எனக்குக் குழந்தையே இல்ல. உங்கள ஏமாத்தினதுக்கு மன்னிச்சிடுங்க.'

அனுப்பினாள்.

திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. குக்கர் விசில். குழந்தையின் வீறிடல். அதற்கு மேல் நீலசந்திரா ஏரியாத் தமிழில் ஒரு பெண் குரல்...

"அட, யாராயிருந்தா இன்னாக்கா? புள்ளைக்கு நேத்துலேர்ந்து ஒடம்பு நெருப்பா கொதிக்குது. சட்டுனு ஒரு வழி சொல்லு!"

சிந்து அழுதுகொண்டே நாகேஷைப் பார்த்தாள். அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"உடனே டாக்டர்கிட்ட போகச் சொல்லும்மா. நாப்பதாயிரத்துல உசுரோட தேறினது ஒண்ணு... அதுக்கும் மாவு வித்துடாதே!"