குண்டு போடுமுன் ஒரு 'ஹோல்டேய்!'

சுவேதா செத்துப்போனாள். கொன்றது எதிரி இல்லை. அவள் அணியிலேயே இருக்கும் கௌதம்.

போன் திரையெங்கும் புகை. நடுவில் இரண்டு பொத்தான்கள்: 'மன்னிக்கலாம்', 'வெளியேற்றலாம்'. கூட்டாளியின் குண்டில் செத்தவர்தான் இதை முடிவு செய்ய வேண்டும். வெளியேற்றினால் கௌதம் ஒரு வாரம் விளையாட முடியாது.

நாளைக்கோ பந்தயம். பின் தெரு ஒன்பதாம் வகுப்பு அண்ணன்களோடு.

"அமுக்கு சுவேதா! வெளிய தள்ளு!" இயர்போனில் பிரேம்குமார் கத்தினான். "இன்னிக்கே மூணாவது தபா. இவன் நம்ம ஆளா, அவங்க ஆளா?"

"நேத்து என் தலையிலயும் போட்டான்," என்றாள் அவன் தங்கை வினோதா.

கௌதம் ஒன்றும் பேசவில்லை. முதல் நாளைத் தவிர அவன் விளையாட்டில் பேசியதே இல்லை.

சுவேதாவுக்கும் கோபம்தான். கொடி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனாலும் 'மன்னிக்கலாம்' என்பதை அமுக்கினாள்.

"நாளைக்குத் தோத்தா நீதான் காரணம்," என்றான் பிரேம்குமார்.

நால்வரும் ஓசூரில் ஒரே வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். கௌதம் குடும்பம் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. சுவேதா போய்க் கதவைத் தட்டினாள். கௌதமின் கண்கள் சிவந்திருந்தன.

"வேணும்னு போடலக்கா. புகைக்குள்ள நீங்க நிக்கது தெரியல."

"எங்க கீறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

அவன் தரையைப் பார்த்தான். "மைக்க அணைச்சு வச்சிருக்கேன். நான் பேசுனா எல்லாரும் சிரிக்கீங்க."

சுவேதாவுக்குச் சுருக்கென்றது. முதல் நாள் எதிரியைப் பார்த்து அவன் "ஓடாதல!" என்று கத்தினான். பிரேம்குமார் அதைப் பத்து முறை சொல்லிக் காட்டினான். அவளும் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"நானும் சிரிச்சன்," என்றாள். "தப்புதான்."

வெளியே டவுன் பஸ் வந்து நின்றது. "ஹோல்டேய்!" என்றார் கண்டக்டர். ஒரு பாட்டி கூடையோடு மெல்ல இறங்கினார். அவர் தள்ளிப் போனதும், "போலாம், ரைட்!"

"கௌதம், உங்க ஊர் கண்டக்டர் என்ன சொல்வாரு?"

"இதேதான்க்கா."

"அப்ப சிரிக்க இதுல என்ன கீது?" சுவேதாவின் முகம் மலர்ந்தது. "இனிமே குண்டு போடுமுன்னாடி ஹோல்டேய். மூணு பேரும் ரைட் சொன்னாத்தான் போடணும்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பந்தயத்துக்காக மொட்டை மாடியில் நால்வரும் போனோடு உட்கார்ந்தார்கள்.

"சண்டை போடறமா, பஸ் ஓட்டறமா?" என்று பிரேம்குமார் முணுமுணுத்தான்.

கௌதமின் முதல் 'ஹோல்டேய்' பூனைக்குட்டி கத்தியதுபோல் இருந்தது.

"கேக்கல!" என்றாள் சுவேதா.

"ஹோல்டேய்!"

துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு பார்வதி அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். "ஏன்டி, மாடி மேலயா பஸ் வருது?"

இரண்டு அணிகளும் ஆளுக்கு ஒரு சுற்று ஜெயித்தன. கடைசிச் சுற்று. எதிரிகள் நால்வரும் கோட்டைக்குள் கொடியைச் சுற்றி நின்றார்கள். கோட்டை முழுக்கப் புகை. கௌதம் கையில் ஒரே ஒரு குண்டு.

"ஹோல்டேய்!"

"ரைட்!" என்றாள் சுவேதா.

"ரைட்!" என்றாள் வினோதா.

மூன்றாவது குரல் வரவில்லை. நொடிகள் ஓடின.

"போடுடா, டைம் போவுது!" வினோதா பதறினாள்.

"மூணாவது ரைட் வரலயே," என்றான் கௌதம். அவன் விரல் அசையவில்லை.

"போடாத! போடாத!" பிரேம்குமார் அலறினான். "உள்ள மாட்டிக்கினு கீறன்!"

புகைக்குள்ளிருந்து ஜன்னல் வழியாக ஓர் உருவம் வெளியே குதித்து உருண்டது.

"ரைட்! போடுலேஏஏ!"

டமார்! எதிரிகள் நால்வரும் ஒரே குண்டில் காலி. சுவேதா பாய்ந்து ஓடிக் கொடியைப் பிடுங்கினாள்.

மாடி அதிர்ந்தது. குதித்த குதியில் பார்வதி அக்காவின் ஈரப் புடவை பிரேம்குமார் தலைமேல் விழுந்தது.

"பிரேமு," என்றாள் சுவேதா. "ரைட்டுக்கு அப்புறம் என்ன சொன்ன?"

புடவைக்குள் பிரேம்குமார் நெளிந்தான்.

"அது சரியா வரலண்ணே," என்றான் கௌதம். "அப்படி இழுக்கக் கூடாது. 'போடுல'ன்னு சட்டுனு முடிக்கணும். எங்க, சொல்லுங்க பாப்போம்."

பிரேம்குமார் புடவையை விலக்கிவிட்டு ஒருமுறை சொன்னான். சரியாக வரவில்லை. பத்து முறை சொன்னான்.

இந்த முறை வயிறு வலிக்கச் சிரித்தவன் கௌதம்.