வராத கூட்டத்தின் கைதட்டல்

இசைத்தட்டின் கடைசியில் ஒரு ஜோடிக் கை அதிகமாகத் தட்டியது.

அவள் டிரம்மர், இந்தக் கணக்கில் அவள் காது ஏமாறாது. பதிவின்போது தட்டியவர்கள் மூன்றே பேர்: அவள், குரலின் புண்ணியத்தில் ‘தகரம்’ என்று பெயர் வாங்கிய பாடகன், பேஸ் கிட்டார் வாசிக்கும் அவனுடைய அக்கா. தட்டிலோ நாலாவதாக ஒருவர், கொஞ்சம் பிந்தி, ஈரக் கையால், மற்றவர்களைப் பார்த்துப் பழகுவதுபோல் தட்டிக்கொண்டிருந்தார்.

அவர்களுடைய பங்க் இசைக்குழுவின் பெயர் ‘பேராதரவு’. முதல் நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர். அந்த வயிற்றெரிச்சலில்தான் இந்த முழு ஆல்பமும் நக்கலாகவே வளர்ந்தது. அவள் குடியிருக்கும் கட்டிடத்தின் அடியில், கார் நிறுத்தும் தளத்தில், பன்னிரண்டு மெத்தை நாற்காலிகளைக் காலியாகப் போட்டு அவற்றைப் பார்த்தே பாடினார்கள். கடைசிப் பாட்டை எழுதியவள் அவள்தான்: ‘வராத கூட்டமே, வீட்டுக்கு வாங்க, மூணாவது மாடி, கதவு திறந்தே இருக்கு, குழந்தை தூங்குது, சத்தம் போடாம வாங்க.’ பிறகு மூவரின் கைதட்டல். ஊசியைத் தூக்கும்வரை அது சுற்றிச் சுற்றி ஒலிக்கும்படி தட்டில் ஊசி ஓடும் கடைசிப் பள்ளத்தை வட்டமாக வெட்டச் சொல்லியிருந்தார்கள்.

முந்நூறு தட்டு அச்சடிப்பதற்கு முன் தொழிற்சாலை அனுப்பிய மாதிரித் தட்டு இது. நாலு மணிக்குள் சரி சொல்ல வேண்டும். பிற்பகல் மழையில் கூடம் இருண்டு கிடந்தது. உள்ளறையில் மகள் காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள்.

தகரத்தின் மேல்தான் சந்தேகம். ஒருமுறை அவளுடைய குறட்டையைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து பாட்டில் சேர்த்தவன். போன் போட்டாள்.

“கடைசில யார் கையை ஒட்டின?”

“எந்தக் கை?”

“நாலாவது கை. விளையாடாத.”

“அட, கூட்டம் சேருதுன்னு சந்தோஷப்படேன்!” அவள் சிரிக்கவில்லை என்று புரிந்ததும் அவன் குரல் இறங்கியது. “சத்தியமா நான் எதையும் தொடல. அக்காவும்தான்.”

நம்பவில்லை. ஊசியை மறுபடி வைத்தாள். இப்போது ஏழு பேர் தட்டினார்கள்.

மூன்றாம் முறை ஒலிபெருக்கியில் காதை ஒட்டிக் கேட்டாள். பாட்டுக்கும் கைதட்டலுக்கும் நடுவில், வெறும் மௌனம் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு நாற்காலி சிமென்ட் தரையில் இழுபடும் சத்தம், அதன் பின் இன்னொன்று, பிறகு படிகளில் இடித்து இடித்து மேலே ஏறிவரும் பல கால்களின் சத்தம், அதோடு கார்த் தளத்துக்கே உரிய ஈரச் சிமென்ட்டும் பழைய எண்ணெயும் கலந்த வாடை. வாடை எப்படித் தட்டிலிருந்து வரும்?

கைதட்டல் தொடங்கியது. எண்ணினாள். பதினைந்து பேர்.

மூன்று போனால் பன்னிரண்டு.

கதவு!

தட்டு வந்த பார்சலை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, கதவைக் காலால் தள்ளியது நினைவுக்கு வந்தது. தாழ்ப்பாள் போடவில்லை. ஓடினாள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. வெளியே யாருமில்லை. சாத்தினாள். தாழ் போட்டாள். அப்பாடா என்று திரும்பினாள்.

தரையில் ஈரப் புள்ளிகள். நாலு நாலாக. உள்ளறைவரை.

ஊசியைத் தூக்கினாள். கைதட்டல் நிற்கவில்லை.

மெதுவான தட்டல். குழந்தை விழித்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துத் தட்டுவதுபோல்.

உள்ளறைக் கதவைத் தள்ளினாள். கட்டிலைப் பார்த்தபடி, மூன்று மூன்றாக நாலு வரிசை நாற்காலிகள். பன்னிரண்டும் காலி. பன்னிரண்டு மெத்தைகளும் அமுங்கியிருந்தன. அவற்றுக்கு அப்பால் மகள் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அது... அது சும்மா கிண்டல்,” என்றாள் அவள். “பாட்டுக்காக எழுதினது. போயிடுங்க.”

கைதட்டல் நின்றது.

முன்வரிசையில் ஒரு நாற்காலியின் மெத்தை மெல்ல மேலெழுந்தது. கட்டிலில், மகளின் தலைமாட்டில், படுக்கை மெல்ல அமுங்கியது.